ஜெர்சியை யார் கையால் வாங்குவது

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் நைனா வேலை பார்த்த கம்பெனிக்கு ஒரு புட்பால் டீம் இருந்தது. அந்த டீமில் ஒரு வழக்கம். ஆட்டத்துக்கு முன்னால் கோச் தரையில் பையைத் திறந்து வைத்து, நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருத்தனுக்கும் தன் கையால் ஜெர்சி எடுத்துக் கொடுப்பார். வாங்குகிறவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தலையில் மாட்டுவான். கேப்டனுக்கும் அதே, அன்றைக்கு முழுக்க வெளியே குந்தியிருக்கப் போகிறவனுக்கும் அதே.

நைனா கோச்சான முதல் ஆட்டத்தன்று நான் மைதானத்துக்கு வெளியே, டீக்கடை ஓரமாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொம்பளைப் பிள்ளைகள் உள்ளே போகிற இடம் இல்லை அது. ஆனால் காம்பவுண்டு சுவர் ஓரிடத்தில் இடிந்திருக்கும், அங்கிருந்து எல்லாம் தெரியும். நைனா பையைத் தூக்கி வந்து வைத்தார். ஜிப்பைத் திறந்தார். முதல் ஜெர்சியை எடுத்து அவர் நிமிர்வதற்குள் ஏழெட்டுக் கைகள் பைக்குள் போய்விட்டன. அவனவன் தன்னுடையதை உருவிக்கொண்டான். ஒருத்தன் தூரத்தில் நிற்கிறவனுக்குச் சுருட்டி எறிந்தான். நைனா கையில் இருந்தது மட்டும் மிச்சம். கோல் கீப்பருடையது. கீப்பர் வந்து, "குடு அண்ணாத்தே," என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

அவமானப்படுத்த வேண்டும் என்று யாரும் செய்யவில்லை. யாருக்கும் வேறு மாதிரி செய்யத் தோன்றவே இல்லை.

நைனா பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவர். தகட்டை உள்ளே தள்ளினால் மேலிருந்து அடி விழுந்து வடிவம் கிடைக்கும். நாள் முழுக்கக் காதில் அந்த அடி. இளம் வயதில் இதே டீமில் லெப்ட் ஹாஃப் ஆடியிருக்கிறார், நன்றாக ஆடினார் என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. நான் பாலிடெக்னிக் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவருடைய ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது. இன்னொன்றில் பாதி. "மிஷினாண்ட நிக்கிற வரைக்கும் இது நிக்காது," என்று டாக்டர் சொன்னார். அதாவது, இருக்கிற பாதியும் போகும்.

நான் படிப்பை முடித்த வருஷம் பழைய கோச் முட்டி வலி என்று விலகிக்கொண்டார். அவர் பெரிய பேர். ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். வேறு ஆள் கிடைக்கவில்லை. கம்பெனியின் பர்சனல் ஆபீசர் நைனாவைக் கூப்பிட்டு, "இந்த சீசன் டீமை நீ பாத்துக்கோ. காலைல ஸ்டோர்ஸ்ல வேலை, சாயங்காலம் கிரவுண்டு. லீக்குல இப்ப இருக்கற டிவிஷனை விட்டு டீம் கீழ எறங்காம நின்னா, அப்படியே நெலையா போட்டுடலாம்," என்றார்.

ஸ்டோர்ஸ் அமைதியான இடம். வீட்டில் அம்மா கற்பூரம் ஏற்றினாள். டீம் கீழே இறங்கினால் திரும்ப பிரஸ் ஷாப். எங்கள் நான்கு சுவருக்குள் அந்த வருஷம் பேசிய பேச்செல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

இப்போது என் பைத்தியத்தைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் பின்பாதி அது. படிப்பு முடித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்திருந்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏசி குளிரில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்காருவோம். பாடம் சொல்லித் தருகிறவரின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து பிளாப்பியில் ஒரு விளையாட்டு கொண்டுவந்திருந்தார். புட்பால்தான், ஆனால் பந்தும் இல்லை காலும் இல்லை. வெறும் எழுத்து. நீதான் மேனேஜர். ஆளை எடுக்கணும், யார் எங்கே ஆடணும் என்று சொல்லணும், பிறகு திரையில் வரி வரியாக ஓடுகிற ஆட்டத்தை நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்கணும். மற்றவர்கள் காரை ஓட்டி மோதுகிற விளையாட்டுக்கு அடித்துக்கொண்டபோது, நான் இங்கிலாந்தில் எங்கேயோ இருக்கிற நாலாவது டிவிஷன் டீமுக்குக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு பிளேயரின் மனசும் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை காட்டும். உற்சாகம், பரவாயில்லை, சோர்வு, ரொம்ப மோசம். என் பிளேயர்கள் எந்நேரமும் சோர்வு. அபராதம் போட்டால் ஒருத்தன் டீமை விட்டே போகிறேன் என்பான். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. தொடக்கத்தில் மேனேஜருக்கு ஒரு தகுதி கேட்கும்: யாருக்கும் தெரியாதவரா, உள்ளூரில் தெரிந்தவரா, நாட்டுக்கே ஆடியவரா. நான் நேர்மையாக, யாருக்கும் தெரியாதவர் என்று போட்டிருந்தேன்.

ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். அதே டீம், அதே பதினொரு பேர், அதே இடம். இந்தத் தடவை மேனேஜர் நாட்டுக்கே ஆடியவர். அதே ஆளுக்கு அதே அபராதம் போட்டேன். அவன் தவறை ஒத்துக்கொண்டு இன்னும் நன்றாக ஆடுவதாகச் சொன்னான்! சோர்வாகக் கிடந்தவர்கள் பரவாயில்லைக்கு வந்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். பக்கத்து மிஷின்காரி, "இன்னாடி, கரண்ட் அடிச்சிடுச்சா?" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நைனாவின் நல்ல காதுப்பக்கம் உட்கார்ந்து கத்தினேன். எங்கள் வீட்டில் எதையும் கத்தித்தான் சொல்லணும்.

"நைனா, பேரு இல்லாதவன் திட்னா பிளேயர் மூஞ்சிய தூக்கினு போறான். பேரு கீறவன் அதையே சொன்னா ஓடறான். கம்ப்யூட்டர்லயே போட்டுகீறான்!"

"இத்த சொல்றதுக்கு கம்ப்யூட்டர் இன்னாத்துக்கு பாப்பா?" என்றார். "பிரஸ் ஷாப்புல எவன கேட்டாலும் சொல்லுவான்."

"அப்ப மொதல்ல பேரு வரணும் நைனா. ஜெயிச்சா பேரு வரும்."

"ஜெயிக்கணும்னா அவனுங்க ஓடணுமே."

அம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் ஊட்லயே ஆடி முடிச்சிடுங்க, கிரவுண்டு எதுக்கு?" என்றாள்.

டீமின் கேப்டன் செண்டர் பார்வர்டு. நல்ல உயரம், நல்ல கால். பழைய ஊர்க்காரக் குடும்பம். எஸ்டேட் வருவதற்கு முன்னால் அவன் தாத்தாவின் வயலில் என் தாத்தா கூலிக்குச் சேறு மிதித்தவர். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாங்கள் இருந்த கள்ளிக்குப்பத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. கம்ப்யூட்டர் விளையாட்டில் மேனேஜரின் பேர் காலியாக இருக்கும், ஜெயிக்க ஜெயிக்க நிரம்பும். நைனாவின் பேரில் முன்னாலேயே எழுதிவிட்டிருந்தார்கள்.

சீசன் தொடங்கித் தோல்விமேல் தோல்வி. ஒரு ஆட்டத்தின் இடைவேளையில் எல்லோரும் புல்லில் சரிந்து குளுக்கோஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். நைனா நடுவில் நின்று கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். காது கேட்காதவர் பேச்சு எப்போதும் சத்தமாகத்தானே இருக்கும். "நல்லா ஆடற" என்று அவர் சொன்னாலும் திட்டுகிற மாதிரித்தான் விழும்.

கேப்டன் படுத்தபடியே, "இன்னாத்துக்கு அண்ணாத்தே கத்தற? நாங்க இன்னா செவுடா?" என்றான்.

டீம் மொத்தமும் சிரித்தது. ஒருத்தன் வாயிலிருந்த குளுக்கோஸ் தெறித்தது. அவன் சொன்னது நைனாவுக்குக் கேட்கவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று, ஏதோ ஜோக்காக்கும் என்று, அவரும் சிரித்தார். சுவருக்கு வெளியே நான் சைக்கிள் பெல்லை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் விடவில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். சீசன் நடுவில் சின்ன டீம்களோடு நட்பு ஆட்டம் வைத்து ஜெயித்தால் பிளேயர்கள் மனசு ஏறும். நைனா மறுப்பு சொல்லவில்லை. முகப்பேர் ஹவுசிங் போர்டு பையன்கள் டீம் ஒன்றைக் கூட்டி வந்து ஆட வைத்தார். நம் ஆட்கள் கோல் கோலாகப் போட்டார்கள். அடுத்த நாள் கேன்டீனில் பேச்சு: "நேத்து பால்வாடியோட மேட்ச் மாமே. நம்ம அண்ணாத்தே லெவலுக்கு அதான் கரெக்டு." மனசு ஏறவில்லை. நைனாவின் பேர் இன்னும் ஒரு படி இறங்கியது. நான் திரையில் பார்த்த எந்த வார்த்தையும் அந்தக் கேன்டீன் சிரிப்புக்குப் பொருந்தவில்லை.

அதட்டிப் பார்த்தார். ஆட்கள் பிராக்டிசுக்கு வருவதை நிறுத்தினார்கள். தட்டிக்கொடுத்துப் பார்த்தார். "இவரு யாரு நம்மள மெச்சிக்க?" என்றார்கள். கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் எறிகிற த்ரோ இன் போடும்போது கேப்டன் பின்னால் ஓடி வந்து வாங்கணும் என்று ஒன்றை மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். கேப்டன் தலையை ஆட்டுவான், ஆட்டத்தில் நின்ற இடத்திலேயே நிற்பான். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. யார் சொன்னாலும் செய்யக்கூடியதுதான். சொன்னவர் நைனா என்பதால் அது நடக்கவில்லை.

கடைசியாக ஆவடி மைதானத்தில் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. ஜெயித்தால் டிவிஷனில் நிற்கலாம். இல்லையென்றால் இறக்கம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "வா பாப்பா, நசரத்பேட்டைக்குப் போய்ட்டு வரலாம்," என்றார். பஸ்ஸில்தான் விஷயத்தைச் சொன்னார். பழைய கோச்சை ஆட்டத்துக்குக் கூப்பிடப் போகிறார்.

"அவரு ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா சேர்ல குந்திகினு இருந்தா போதும். பெரிய மனுசன் நம்ம பக்கத்துல குந்தினா, நம்ம பேச்சும் எடுபடும்."

எஸ்டேட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். யூனியன் கூட்டம் என்றாலும், வீட்டுக் கிரகப்பிரவேசம் என்றாலும், நம் பேச்சில் வலு இல்லையென்றால் ஒரு பெரிய ஆளைக் கொண்டுவந்து நாற்காலி போட்டு உட்கார வைப்பது. அவருடைய மதிப்பில் கொஞ்சம் நம்மேல் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை. என் விளையாட்டில் இப்படி ஒரு வசதியே கிடையாது. இன்னொரு மேனேஜரை வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைக்க எந்தப் பட்டனும் இல்லை. அதனால் இது என்ன ஆகும் என்று என்னால் கணக்குப் போட முடியவில்லை. நல்ல யோசனை என்றுதான் பட்டது.

பெரியவர் லுங்கியோடு நாற்காலியில் காலை நீட்டி டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் வெள்ளிக் கோப்பைகள் வரிசையாக. ஒன்றில் குடை செருகியிருந்தது.

"யாருப்பா?"

"நான்தான் சார். லெப்ட் ஹாஃப்."

"எந்தக் கம்பெனி?"

நைனா சொன்னார். பெரியவர், "ஓ... அந்த டீமா," என்றார். கேப்டன் பேர் அவருக்கு ஞாபகம் இல்லை. கீப்பர் பேரும் இல்லை. நம்பரைச் சொன்னால் ஒன்றிரண்டு ஞாபகம் வந்தது. கெட்ட மனுஷர் இல்லை. எனக்குச் சோடா வரவழைத்தார், முட்டியைத் தடவிக்கொண்டே எல்லாம் கேட்டார்.

"நான் வந்து என்னப்பா பண்ணணும்?"

"குந்தினு இருந்தா போதும் சார்."

"அவ்ளோதானே?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஆவடியில் படிக்கட்டு மாதிரி கட்டியிருந்ததால் அம்மாவும் நானும் உள்ளே போய் உட்கார முடிந்தது. பர்சனல் ஆபீசரும் வந்திருந்தார். பெரியவர் ஆட்டோவில் வந்து இறங்கியதும் பதினாலு பேரும் ஓடினார்கள். கேப்டன் காலைத் தொட்டான். நைனா ஜெர்சிப் பையைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தார். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எடுத்து எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் வரிசையில் நின்று கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். நைனா பின்னால் நின்று முகமெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் தொடையைத் தட்டி, "பார்த்தியா?" என்றாள்.

ஓடினார்கள். அந்த வருஷம் முழுக்க ஒளித்துவைத்திருந்த ஓட்டத்தை எல்லாம் அன்றைக்கு எடுத்தார்கள். விழுந்தவன் எழுந்து ஓடினான். அடி வாங்கினவன் வெளியே வர மாட்டேன் என்றான். இரண்டாம் பாதியில் எங்கள் பக்கம் ஒரு த்ரோ இன். கேப்டன் திடீரென்று பின்னால் ஓடி வந்தான். நைனா சொன்ன அதேதான். பந்தை வாங்கித் திரும்பி ஒரே உதை. கோல்.

அந்த நேரம் பெரியவர் திரும்பி உட்கார்ந்து டீக்காரப் பையனிடம் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். கோலை அவர் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத் திரும்பினார். அதற்குள் கேப்டன் ஓடி வந்து அவர் காலில் விழுந்தான். "சார்! சார்!" என்று மொத்த டீமும் நாற்காலியைச் சுற்றி நின்றது. டீ கொட்டிப் போனது. நைனா கொஞ்சம் தள்ளி, தனியாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். டிவிஷனில் நின்றுவிட்டோம்.

எங்கிருந்தோ ஒரு மாலை வந்தது. ஆபீசர் அதைப் பெரியவர் கழுத்தில் போட்டார். எங்களுக்கு இரண்டு படி கீழேதான் அவர்கள் நின்றிருந்தார்கள். எல்லாம் கேட்டது.

"ஒரு நாள் வந்து உக்காந்ததுக்கே இப்படி ஆடறானுங்கன்னா, சீசன் பூரா நீங்க இருந்தா எங்கியோ போயிருக்கும் சார். முட்டி வலிக்கெல்லாம் நாங்க கார் அனுப்பறோம். வந்துடுங்க."

பெரியவர் நைனா பக்கம் கையைக் காட்டி, "அவரு இருக்காரே," என்றார்.

"அவரு நல்ல மனுசன் சார். ஆனா அவரு பேச்சைக் கேக்க மாட்டேங்கறானுங்களே. நீங்களே பாத்தீங்க இல்ல?"

இதில் என்ன தப்பு கண்டுபிடிப்பது? நான் கம்ப்யூட்டரில் செய்த சோதனையைத்தான் அவரும் பார்த்தார். அதே பதினொரு பேர், அதே ஆட்டம். மாறியது நாற்காலியில் இருந்த பேர் மட்டும். நான் எந்த முடிவுக்கு வந்தேனோ அதற்கே அவரும் வந்தார். ஏசி அறையில் எழுந்து நின்று குதித்தவள் நான்.

ஆபீசர் நைனாவிடம் வந்து கையைக் குலுக்கி, முதுகில் தட்டி, எதையோ சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் தொடங்கிவிட்ட மேளச் சத்தத்தில் நைனாவுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பதிலுக்குக் கும்பிட்டார்.

பஸ்ஸில் நைனாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "நின்னுட்டோம் பாப்பா! டிவிஷன்ல நின்னுட்டோம்! ஆபீசரே வந்து கை குடுத்தாரு பாத்தியா? அந்த த்ரோ பாத்தியா, நான் சொல்லிகினே இருந்தேன் இல்ல, அது!" கண்டக்டரிடமும் சொன்னார். கண்டக்டர், "சூப்பர் நைனா," என்று டிக்கெட்டைக் கிழித்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ்ஸில் எப்படிச் சொல்வது? எங்கள் நைனாவிடம் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவி உட்கார்ந்ததும் அம்மாதான் சொன்னாள். முதல் தடவை அவருக்குப் பிடிபடவில்லை. "இன்னா?" என்றார். அம்மா இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

"பெரியவரையே திரும்ப கோச்சா போடறாங்களாம்யா! உன்ன வேணாம்னுட்டாங்க!"

எங்கள் வீடு ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வரிசை வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது. எதிர் வீட்டுக்காரம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். நைனா எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "சோத்த போடு," என்றார்.

மாசம் முடிந்ததும் பிரஸ் ஷாப்புக்குப் போனார். பெரியவருக்கு நிஜமாகவே கார் அனுப்பினார்கள். அவர் வாரம் ஒரு நாள் வந்து குந்திவிட்டுப் போவார். டீம் நன்றாகவே ஆடியது. நான் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை அப்புறம் திறக்கவில்லை. பாடத்தை மட்டும் முடித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கிண்டியில் டைப் அடிக்கிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பிரஸ் ஷாப்பில் நைனாவோடு டீமில் ஆடுகிறவர்கள் நாலைந்து பேர் வேலை பார்த்தார்கள். அவர்கள்தான் அவரைக் கோச் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "இன்னா கோச்சு, தகடு தீந்துபோச்சா?" "கோச்சு, பீடி கீதா?" முதலில் கிண்டலாகத்தான் இருந்திருக்கும். பிறகு அதுவே அவர் பேராகிவிட்டது. கோச்சாக இருந்தபோது ஒருத்தனும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் கோல் கீப்பர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினான். மறுநாள் அவன் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம், ஷிப்ட் மாற்றிக்கொள்ள நைனாவைக் கேட்க வந்திருந்தான்.

"கோச்சு கீறாரா?"

நைனா உள்ளே, வாசலுக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, சட்டையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நல்ல காது எங்கள் பக்கம்தான் இருந்தது.

"கோச்சு," என்றான். பிறகு கொஞ்சம் உரக்க, "கோச்சு!" கிண்டல் ஒன்றும் இல்லை அந்தக் குரலில். மரியாதையாகத்தான் கூப்பிட்டான். நைனா ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை தெருவே திரும்புகிற மாதிரி கத்தினான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டான். அவனும் அதே ஷாப்பில்தான் வேலை செய்தான், காதில் பஞ்சு வைத்திருந்தான்.

நான் உள்ளே போய் நைனாவின் தோளைத் தொட்டேன்.